ஜிபி அப்புறம், மில்லிமீட்டர் முதலில்

தறி ஓடும் ஊரான சங்கரன்கோவிலில் பத்து வருடத்துக்கு முன்னால் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீடாகப் பார்த்து பீரோவைத் திறந்தால், பட்டுப் புடவைக்கும் பத்திரக் கட்டுக்கும் நடுவில் ஒரு லேப்டாப் கிடக்கும். மூடியில் தமிழக அரசின் முத்திரையும் அன்றைய முதல்வரின் படமும் இருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அடுத்த பத்தாண்டுக்குள் தமிழ்நாடு முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் வீடு வந்து சேர்ந்தன. ஊர் வாயில் அதற்கு ‘கவர்மென்ட் லேப்டாப்’ என்றுதான் பெயர்.

ஏன் பீரோவுக்குள் போனது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “ஹார்ட் டிஸ்க் போயிட்டு அண்ணாச்சி.”

போனது ஒரு பாகம். திரை நன்றாக இருக்கிறது, கீபோர்டு அடிக்கிறது, மதர்போர்டுக்கு ஒன்றுமில்லை. உள்ளங்கை அளவுள்ள ஒரு டிஸ்க்கை மாற்றினால் அந்த மெஷின் இன்னும் சில வருடம் ஓடும். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவருக்கு, கடைக் கணக்கு எழுதுகிறவருக்கு, அரசுத் தளங்களில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவருக்கு அது போதும். சிக்கல், எந்த டிஸ்க் வாங்குவது என்பதில் வருகிறது. கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி “எத்தனை ஜிபி வேணும்?” இணையத்தில் தேடினாலும் ஜிபியும் விலையும்தான் பெரிய எழுத்தில் தெரியும். ஜிபி நம் விருப்பம். ஆனால் டிஸ்க் லேப்டாப்புக்குள் உட்காருமா, உட்கார்ந்தாலும் லேப்டாப் அதை அடையாளம் காணுமா என்பதை முடிவு செய்வது அந்த லேப்டாப். தறியின் அகலம் தெரியாமல் இந்த ஊரில் யாரும் பாவு ஓட்டுவதில்லை. டிஸ்க் விஷயத்திலும் அந்த வரிசைதான் சரி.

டிஸ்க் இங்கே ஏன் சாகிறது?

லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. நொடிக்கு 90 சுற்று. எழுதும், படிக்கும் முனை அந்தத் தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான் அந்த இடைவெளி.

இப்போது அதைச் சங்கரன்கோவில் வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். விசைத்தறி ஓடினால் தரை அதிரும், மேசை அதிரும், மேசை மேல் இருக்கும் லேப்டாப்பும் அதிரும். அதிர்வில் முனை தடம் விலகுகிறது. விலகினால் டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது. “ரொம்ப ஸ்லோவா இருக்கு” என்ற புகாரின் ஒரு பகுதி இதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது தட்டிவிட்டாலோ கட்டிலில் தொப்பென்று போட்டாலோ முனை தட்டில் இடிக்கும். அந்த இடம் பேட் செக்டர்.

பஞ்சுத் தூசி இன்னொன்று. டிஸ்க்கின் மேல் இருக்கும் சின்னத் துளைக்குள் வடிகட்டி உண்டு, அதனால் பஞ்சு டிஸ்க்குக்குள் போகாது. ஃபேன் வழியில் படிந்து கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும். உள்ளே சூடு ஏறும், டிஸ்க் வேகும்.

மூன்றாவது காரணத்தை யாரும் யோசிப்பதில்லை. பழைய லேப்டாப்பில் முதலில் சாவது பேட்டரி. அதன் பிறகு சார்ஜரை மாட்டியபடியே டெஸ்க்டாப் மாதிரி ஓட்டுகிறோம். கரண்ட் போனால் டிஸ்க் நட்டாற்றில் நிற்கும். முனை அவசரமாக ஓரத்துக்கு ஓடிப் படுக்கும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் கெடும். 2012 மார்ச்சில் இந்தத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தபோது ஊரின் பெரிய பேச்சே மின்வெட்டுதான். இன்று அந்த நிலைமை இல்லை. இருந்தாலும் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் என்று ஒன்று உண்டே.

எல்லாக் குற்றத்தையும் டிஸ்க் மேல் போடவும் கூடாது. ‘ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்’ என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தால் டிஸ்க் செத்தது என்று அர்த்தமில்லை. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கும் ரிப்பன் கேபிள் தளர்ந்திருக்கலாம். மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்து, பயாஸ் தன் பழைய அமைப்பை மறந்திருக்கலாம். தேதி 2011-க்கோ அதற்கும் முன்னாலோ போய்விட்டது என்றால் அதுதான் காரணம். பயாஸில் சாட்டா முறை ‘ஏ.ஹெச்.சி.ஐ.’யிலிருந்து ‘ஐ.டி.இ.’க்கு மாறிவிட்டால் நல்ல டிஸ்க்கிலும் விண்டோஸ் எழுந்து நிற்காது, நீலத் திரைதான். ஒரு பொத்தான் பேட்டரியில் தீரும் வேலைக்குப் புது டிஸ்க் வாங்கியவர்கள் நிறைய. டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. கேபிள் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் முடிந்தது. ‘05’, ‘C5’ என்ற இரண்டு வரிகளில் பூஜ்யத்துக்குப் பதில் எண்கள் ஏறத் தொடங்கியிருந்தால் டேட்டாவை எடுக்க வேண்டிய நாள் அன்றைக்குத்தான். டக்... டக்... என்று சத்தம் கேட்டால் மென்பொருள்கூட வேண்டாம், உடனே கரண்டை நிறுத்துங்கள். ஓடவிட்டுப் பார்க்கிற ஒவ்வொரு நிமிடமும் தட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கும்.

உள்ளே இருப்பது எது?

புதுசு வாங்குவதற்கு முன்னால் பழசை வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் மிக நல்ல வழி. கவர்மென்ட் லேப்டாப் மாதிரிப் பழைய மாடல்களில் இது சுலபம். தாழை நகர்த்திப் பேட்டரியைக் கழற்றி, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும். அடியில் ஒரு சின்ன மூடி, ஒன்றிரண்டு ஸ்க்ரூ. திறந்தால் உலோகச் சட்டத்துக்குள் டிஸ்க். சட்டத்தைப் பிடித்து, கனெக்டர் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இழுத்தால் வந்துவிடும். சட்டத்தில் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூவையும் ஒரு மூடியில் போட்டு வையுங்கள். அந்தச் சட்டமும், ஓரத்தில் இருக்கும் ரப்பரும், சில மாடல்களில் டிஸ்க்கின் வாயில் செருகியிருக்கும் குட்டி கனெக்டரும் பழைய டிஸ்க்கோடு குப்பைக்குப் போய்விடுவது வழக்கம். அப்புறம் அந்த மாடலுக்கு அவற்றைத் தேடிப் பிடிப்பதற்குள் டிஸ்க் வாங்குவதே சுலபம் என்றாகிவிடும்.

கையில் எடுத்த டிஸ்க்கின் வாயைப் பாருங்கள். தட்டையான இரண்டு நாக்குகள் எல் வடிவத்தில் இருந்தால் சாட்டா: டேட்டாவுக்கு 7 தடம், பவருக்கு 15 தடம். ஊசி ஊசியாக இரண்டு வரிசை நீட்டிக்கொண்டிருந்தால் ஐ.டி.இ., 44 ஊசி. அது கவர்மென்ட் லேப்டாப்புக்கும் முந்தைய காலம். அந்தக் கால மெஷின்கள் சிலவற்றுக்கு 137 ஜிபிக்கு மேல் கண்ணே தெரியாது. அந்த லேப்டாப் வைத்திருப்பவர் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டு அதை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம்.

சாட்டா என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. 1.5, 3, 6 கிகாபிட் என்று சாட்டா மூன்று தலைமுறை கண்டிருக்கிறது. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். புது டிஸ்க் பழைய மெஷினில் பழைய வேகத்தில் ஓடும், அவ்வளவுதான்.

அடுத்தது தடிமன். மேலே எழுதிய தலைப்பு இதற்காகத்தான். லேப்டாப் டிஸ்க் என்றால் இரண்டரை இஞ்ச். நீளம் 100 மில்லிமீட்டர், அகலம் ஏறத்தாழ 70. இது எல்லாவற்றுக்கும் பொது. தடிமன் மட்டும் மாறும். பழைய டிஸ்க்குகள் பெரும்பாலும் 9.5 மி.மீ.; பின்னால் வந்தவை 7 மி.மீ.; மிக மெல்லிய சில லேப்டாப்புகளுக்கு 5 மி.மீ. இன்று கடையில் கிடைக்கும், சுற்றும் தட்டில்லாத இரண்டரை இஞ்ச் எஸ்.எஸ்.டி.கள் பொதுவாக 7 மி.மீ. 9.5 இடத்தில் 7 உட்காரும். லொடலொடக்காமல் இருக்க இரண்டரை மி.மீ. பிளாஸ்டிக் சட்டம் ஒன்றை எஸ்.எஸ்.டி.யோடு சிலர் தருவார்கள், இல்லாவிட்டால் பழைய சட்டத்தின் ஸ்க்ரூவே பிடித்துக்கொள்ளும். 7 இடத்தில் 9.5-ஐத் திணிக்க முடியாது. அழுத்தி மூடினால் கீபோர்டு மேலே புடைக்கும்.

கல்யாண வீடியோ எடுக்கிறவர்களுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை. இரண்டரை இஞ்சில் 4 டிபி, 5 டிபி என்று விற்கும் ஹார்ட் டிஸ்க்குகளின் தடிமன் 15 மி.மீ. எந்தச் சாதாரண லேப்டாப்பிலும் அவை நுழையாது. “எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒண்ணு சும்மா கிடக்கு, அதைப் பிரிச்சு உள்ளே போட்டுக்கலாம்” என்கிற யோசனையும் ஆபத்து. சில எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில் யு.எஸ்.பி. வாயே டிஸ்க்கின் போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். பிரித்துப் பார்த்தால் சாட்டா வாயே இருக்காது. பிரித்த பிறகு வாரண்டியும் இருக்காது.

சூயிங்கம் அளவு டிஸ்க்

2018-க்குப் பிறகு வாங்கிய லேப்டாப் என்றால் கதை வேறு. பெரும்பாலானவற்றில் எம்.2 என்னும் மெல்லிய அட்டை. அதில் எழுதியிருக்கும் 2280, 2242, 2230 என்ற எண்ணைப் பார்த்து மாடல் நம்பர் என்று நினைப்பவர்கள் உண்டு. முதல் இரண்டு இலக்கம் அகலம், 22 மி.மீ.; மிச்சம் நீளம், 80, 42, 30 மி.மீ. போர்டில் ஸ்க்ரூ போடும் துளை எந்த நீளத்தில் இருக்கிறதோ அந்த நீளத்தில்தான் வாங்க வேண்டும். லெனோவோ ஐடியாபேட் வரிசையில் சில மாடல்களுக்கு 42 நீளத்துக்கு மட்டுமே துளை. ஊர் முழுக்கக் கிடைப்பதோ 80.

நீளத்தைவிடப் பெரிய குழப்பம், ஒரே மாதிரித் தோற்றமுள்ள எம்.2 அட்டைக்குள் இரண்டு ஜாதி இருப்பது: சாட்டா ஒன்று, என்.வி.எம்.இ. இன்னொன்று. பல்லைப் பார்த்து ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரே ஒரு வெட்டு இருந்தால் என்.வி.எம்.இ.; இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ‘பெரும்பாலும்’ என்று இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு வெட்டுள்ள என்.வி.எம்.இ.யும் சில உண்டு. ஸ்லாட்டுக்கு ஒத்துவராத ஜாதியை வாங்கிவிட்டால், அட்டை அழகாகச் செருகிக்கொள்ளும், ஸ்க்ரூவும் பிடிக்கும், பயாஸில் மட்டும் டிஸ்க் தெரியாது. டிஸ்க் பழுது என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதற்கு முன்னால், லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலின் பராமரிப்புக் கையேட்டை எடுத்துச் சேமிப்பகம் என்ற பக்கத்தைப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைக் கொடுத்துத் தேட வேண்டும்; விளம்பரப் பெயரைக் கொடுத்தால் ஒரே பெயரில் நாலு விதமான போர்டு வரும்.

வேகத்துக்கு அதிகம் கொடுத்து ஏமாறுவதும் இங்கேதான் நடக்கிறது. மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் நான்காம் தலைமுறை என்.வி.எம்.இ. போட்டால் ஓடும், மூன்றாம் தலைமுறை வேகத்தில். டெஸ்க்டாப்புக்கான அலுமினியப் பட்டை ஒட்டிய டிஸ்க்கை வாங்கினால் லேப்டாப்பின் அடி மூடியே மூடாது.

சில மலிவு லேப்டாப்களில் 32 அல்லது 64 ஜிபி இ.எம்.எம்.சி. என்ற சேமிப்புச் சிப் போர்டிலேயே பற்றவைத்து வருகிறது. இப்போதைய மேக்புக்குகளும் பற்றவைத்தவைதான். அவற்றில் மாற்றுவதற்கென்று எதுவும் இல்லை. லேப்டாப் வாங்கும் நாளிலேயே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா?

லேப்டாப்புக்குள் போடுவதற்குப் புது ஹார்ட் டிஸ்க் வாங்காதீர்கள். தறி ஓடும் ஊரில் இதைத் தயங்காமல் சொல்லலாம். எஸ்.எஸ்.டி.க்குள் சுற்றும் தட்டு இல்லை, மிதக்கும் முனை இல்லை. அதிர்வு அதற்கு ஒரு பொருட்டில்லை. வேகத்திலும் ஒப்பீடே கிடையாது. லேப்டாப் ஹார்ட் டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 எம்.பி. படிக்கும், சாட்டா எஸ்.எஸ்.டி. 500-ஐத் தாண்டும். அதைவிட முக்கியம், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய சிறு கோப்புகளை எடுப்பது. ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு சொச்சம் முறைதான் தாவும், எஸ்.எஸ்.டி. ஆயிரக்கணக்கில். லேப்டாப்பைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரும் பழக்கம் அன்றோடு போய்விடும்.

அரசும் அந்தப் பக்கம் வந்தாயிற்று. 2025 மார்ச் பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவிக்கப்பட்ட திட்டத்துக்கு அரசின் எல்காட் நிறுவனம் கோரிய லேப்டாப்பில் இருப்பது 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. 2011-இல் வந்ததில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். பதினான்கு வருடத்தில் டிஸ்க்கின் அளவு குறைந்திருக்கிறது, யாரும் குறை சொல்லவில்லை.

எத்தனை ஜிபி என்ற கேள்விக்கு இப்போது வரலாம். படிக்கிற பிள்ளைக்கு 240 அல்லது 256 போதும். கணக்கு, ஸ்கேன், போட்டோ என்று வைத்திருப்பவருக்கு 480 அல்லது 512. வீடியோக்காரர்களுக்கு உள்ளே ஓர் எஸ்.எஸ்.டி., வெளியே ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க். ஆடித்தபசுத் திருவிழா முழுக்க எடுத்த படத்தை எஸ்.எஸ்.டி.யில் எடிட் செய்து ஹார்ட் டிஸ்க்கில் அடுக்கி வைப்பதே சிக்கனம். 256 வாங்கினால் விண்டோஸில் 238 என்று காட்டும், 500 வாங்கினால் 465. யாரும் அடித்துக்கொண்டு போகவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024 கணக்கில் வகுக்கிறது.

விலையைப் பற்றிப் போன வருடம் வாங்கியவர் சொல்வதை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். காக்களூரில் திட்டம் தொடங்கிய அடுத்த மாதம், 2011 அக்டோபரில், தாய்லாந்தில் வெள்ளம். அங்கே பாங் பா-இன் என்ற ஊரில் இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலைக்குள் தண்ணீர் புகுந்தது. உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை எகிறி, இறங்கப் பல மாதம் ஆனது. இப்போது அந்த இடத்தில் செயற்கை நுண்ணறிவு. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம், எஸ்.எஸ்.டி. விலை ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சில்லறை வாடிக்கையாளருக்கு விற்றுவந்த ‘குரூசியல்’ பிராண்டையே நிறுத்துவதாக அறிவித்தது. சங்கரன்கோவில் கடையில் அந்தப் பெயரைக் கேட்டு, “ஸ்டாக் இல்ல” என்று பதில் வந்தால் குற்றம் கடைக்காரருடையது அல்ல.

விலை ஏறும்போது போலியும் வரும். அடிமாட்டு விலையில் 16 டிபி எஸ்.எஸ்.டி. என்று இணையத்தில் வரும் விளம்பரங்கள் முழு மோசடி. உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை வைத்துவிட்டு, பெரிய அளவாகக் காட்டும்படி ஏமாற்றியிருப்பார்கள்; கொஞ்ச நாளில் புதிதாக எழுதுவது பழையதை அழிக்கும். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரும் பழைய டிஸ்க்குகளும் புழக்கத்தில் உண்டு. வாங்குவது தவறில்லை, பழசு என்று தெரிந்து பழைய விலைக்கு வாங்கினால். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டும். கடையில் வைத்தே ஒரு முறை மாட்டிப் பார்த்து, சீரியல் எண் போட்ட ஜி.எஸ்.டி. பில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல பிராண்டுகளில் மூன்று அல்லது ஐந்து வருட வாரண்டி வரும், பில் இல்லாமல் அது கதை.

ஓ.எஸ். யார் போடுவது?

பழைய டிஸ்க் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால், குளோனிசில்லா மாதிரி இலவச மென்பொருளில் அப்படியே நகல் எடுக்கலாம். கவர்மென்ட் லேப்டாப்புக்கு அதைச் சொல்ல மாட்டேன். பதினைந்து வருடக் குப்பையைப் புது டிஸ்க்கில் ஏற்றுவதைவிட, போட்டோவையும் சான்றிதழ் ஸ்கேன்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக ஓ.எஸ். போடுவது நல்லது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறை இன்டெல்லும் டி.பி.எம். 2.0-வும் கேட்கிறது, ஆரம்ப வருடங்களில் வந்த அரசு லேப்டாப் எதுவும் அந்த வரம்புக்குள் வராது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். லினக்ஸ் மிண்ட் போட்டு, இடமிருந்தால் 2 ஜிபி ரேமையும் 4 ஆக்குவது அதைவிட நிம்மதியானது. இலவசம், தமிழ் தட்டச்சும் வரும். கவர்மென்ட் லேப்டாப்பிலேயே வந்த பாஸ் லினக்ஸைத் திறக்காமலே பள்ளி முடித்த தலைமுறைக்குக் கொஞ்சம் தயக்கம் இருக்கும்தான்.

புதிய லேப்டாப் வைத்திருப்பவர்கள் டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விண்டோஸ் 11-இல் பல மெஷின்களில் நமக்குத் தெரியாமலே பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருக்கிறது. டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கை எந்த மெயிலில் தொடங்கினோம் என்பது பாதிப் பேருக்கு நினைவிருக்காது. லேப்டாப் நன்றாக இருக்கும்போதே எண்ணைத் தேடி எடுத்து நோட்டில் எழுதிவிடுங்கள்.

எஸ்.எஸ்.டி. போட்டாயிற்று, இனி டேட்டா பத்திரம் என்று நினைக்கவும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் முனகும், இழுக்கும், டக்கென்று சத்தம் போடும். எஸ்.எஸ்.டி. ராத்திரி நன்றாக இருந்துவிட்டுக் காலையில் இல்லாமல் போகும். அதிலிருந்து டேட்டா மீட்பதும் கடினம். ஆகவே கழற்றிய பழைய டிஸ்க் நலமாக இருந்தால் யு.எஸ்.பி. கேஸில் போட்டு, தறிக்கூடத்திலிருந்து தள்ளி வைத்து, மாதம் ஒருமுறை நகல் எடுக்கப் பயன்படுத்தலாம். கேஸ் வாங்கும்போது கவனம், சிலவற்றில் 7 மி.மீ. மட்டுமே நுழையும். பேட் செக்டர் வந்த டிஸ்க் என்றால் இந்த வேலைக்கும் ஆகாது. ஆதார் நகலும் பாஸ்புக் ஸ்கேனும் அதில் இருக்கும். ஆக்கர் கடைக்கு எடைக்குப் போடுவதற்கு முன்னால் மேல்மூடியைக் கழற்றித் தட்டை உருப்படியாகக் கீறிவிடுங்கள். மூடியின் ஸ்க்ரூக்கள் நட்சத்திர வடிவம். சாதாரண ஸ்க்ரூடிரைவர் பிடிக்காது.